பீச் பழத்தில் எந்த வகை எந்தச் சமையலுக்கு?

அடுப்பங்கரை எழுதியது:

பீச் சேர்த்த செய்முறைகளை ஒன்றுவிடாமல் படிப்பவள் நான். ஒரு விஷயம் ரொம்பவே உறுத்துகிறது. "நன்கு பழுத்த பீச் ஆறு" என்று எழுதிவிட்டு எல்லாரும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எந்தப் பீச்? மஞ்சள் சதையா, வெள்ளைச் சதையா? கொட்டை தானாகக் கழன்று வருவதா, சதையோடு ஒட்டிக்கொண்டிருப்பதா? தட்டையாக அமுங்கினாற்போல் ஒரு வகை வருகிறதே, அதை வேகவைக்கலாமா? வழவழப்பான தோலோடு வரும் நெக்டரினைப் பதிலாகப் போடலாமா?

அதே செய்முறை, அதே அளவு சர்க்கரை. ஒரு தடவை பை (pie, மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடுவது) துண்டு போட்டால் அப்படியே நிற்கிறது, இன்னொரு தடவை தட்டெல்லாம் சாறு. பழத்தின் வகைதான் காரணம் என்று நினைக்கிறேன். மரம் வளர்ப்பவர்கள், அடிக்கடி சமைப்பவர்கள் இரண்டு தரப்பும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். விரிவாகவே எழுதுங்கள்.

பழமரத்தான் எழுதியது:

வகைதான் பெரிய காரணம் தோழி. பழுக்கும் பக்குவமும் சேர்ந்துகொள்ளும், அதை வேறு யாராவது எழுதட்டும். நான் மரத்துப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பீச்சில் முதலில் பார்க்க வேண்டியது நிறம் அல்ல, கொட்டையும் சதையும். கொட்டை எளிதில் கழலும் வகை, ஒட்டும் வகை, பாதி ஒட்டும் வகை என்று மூன்று உண்டு. பருவத் தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் ஒட்டும் அல்லது பாதி ஒட்டும் வகை. நடுப்பருவத்துக்கு மேல்தான் கழலும் வகைகள் நிறைய வரும். பை, காப்ளர் (பழத்தின்மேல் மாவு போட்டுச் சுடுவது), பாதியாக வெட்டிச் சுடுவது போன்ற வேலைகளுக்குக் கழலும் வகையே வசதி. பழத்தின் நடுக்கோட்டில் கத்தியைச் சுற்றிவிட்டு இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் கொட்டை ஒரு பாதியில் நிற்கும், விரலால் நெம்பினால் வந்துவிடும். ஒட்டும் வகையில் இதே வேலையைச் செய்தால் சதை நசுங்கி, கையில் கூழ்தான் மிஞ்சும்.

அடுத்தது சதை. பழுத்ததும் உருகிக் குழையும் சதை, பழுத்த பிறகும் இறுக்கமாகவே இருக்கும் சதை என்று இரண்டு வகை. சதையின் செல்சுவரில் பசைபோல் இருக்கும் பெக்டினை உடைக்கும் ஒரு நொதிதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். அந்த நொதி சரியாக வேலை செய்தால் பழம் உருகும். மரபணுவில் அது பழுதாகியிருந்தால் பழம் பழுத்தாலும் மீள்தன்மையோடு நிற்கும். கொட்டை கழல்வதும் மரபணுத்தொகுதியின் அதே இடத்தோடு பின்னிக் கிடப்பதால், இறுகிய சதை உள்ள வகைகள் கொட்டை ஒட்டுபவையாகவே இருக்கின்றன. டின்னில் அடைத்து வரும் பீச் ஏன் அவ்வளவு அழகாக, முனை மழுங்காமல் இருக்கிறது என்றால் இதுதான் காரணம். அதற்கென்றே வளர்க்கப்படும் இறுகிய சதை வகைகள் அவை. 'பேபி கோல்டு' வரிசை அந்த ரகம்.

பெயர் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு இரண்டு பெயர். எல்பெர்டா: அமெரிக்காவின் ஜார்ஜியாவில் மார்ஷல்வில் ஊரில் சாமுவேல் ரம்ஃப் 1870களில் உருவாக்கியது. தன் மனைவியின் பெயரையே பழத்துக்கு வைத்தார். மஞ்சள் சதை, கழலும் கொட்டை, வண்டியில் ஏற்றித் தூரம் அனுப்பினாலும் தாங்கும். ஜார்ஜியாவைப் பீச் மாநிலமாக்கியதே இந்தப் பழம்தான். ரெட்ஹேவன்: மிச்சிகனில் சவுத் ஹேவன் ஆய்வு நிலையத்தில் ஸ்டான்லி ஜான்ஸ்டன் உருவாக்கி 1940இல் வெளிவந்தது. ஒரு புது வகை எப்போது பழுக்கும் என்று குறிக்கும்போது வளர்ப்பவர்கள் இன்றும் "ரெட்ஹேவனுக்கு இத்தனை நாள் முன்னால், இத்தனை நாள் பின்னால்" என்றுதான் எழுதுகிறார்கள். சமைக்க ஒரே ஒரு வகையைச் சொல் என்றால் நான் ரெட்ஹேவனைத்தான் சொல்வேன். நன்கு பழுத்தால் கொட்டை கழலும், புளிப்பும் இனிப்பும் சரியாக இருக்கும்.

புதுவரவு எழுதியது:

நெக்டரின் என்பது பீச்சையும் பிளம்மையும் சேர்த்து உருவாக்கியது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பழமரத்தான் எழுதியது:

இல்லை நண்பரே. நெக்டரினும் பீச்தான், இனமும் ஒன்றுதான். தோலில் பூனைமயிர் வராமல் செய்யும் ஒரு ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது), அவ்வளவுதான். பீச் மரத்தின் ஒரே ஒரு கிளையில் திடீரென நெக்டரின் காய்த்ததும் உண்டு, பீச் கொட்டையிலிருந்து நெக்டரின் மரம் முளைத்ததும் உண்டு. நெக்டரினிலும் மஞ்சள், வெள்ளை, ஒட்டுவது, கழல்வது எல்லாம் இருக்கின்றன. சமையலில் எடைக்கு எடை தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். தோல் உரிக்கவும் வேண்டாம்.

வெள்ளைப்பிரியை எழுதியது:

மஞ்சளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வெள்ளைச் சதைக்காக நான் கொஞ்சம் வாதாடுகிறேன்.

வெள்ளைதான் பழைய வடிவம். பீச்சின் தாயகம் சீனா. யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் சுமார் 8000 ஆண்டுப் பழமையான பீச் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. வெள்ளைப் பழத்தில் மஞ்சள் நிறமியை உடைக்கும் நொதி ஒன்று வேலை செய்கிறது. அது கெட்டுப்போன மரங்களில்தான் நிறமி தங்கிச் சதை மஞ்சளாகிறது. உடைந்த நிறமியிலிருந்து மணப்பொருள்கள் உண்டாவதால், வெள்ளைப் பீச்சின் பூ போன்ற வாசனைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஜப்பானில் ஒகாயாமா பகுதியில் ஹகுடோ என்ற வெள்ளைப் பீச் வளர்க்கிறார்கள். மரத்திலேயே ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாகக் காகித உறை மாட்டுகிறார்கள். பூச்சியும் அண்டாது, வெயில் நேரடியாகப் படாததால் தோலும் வெளிறி மென்மையாக இருக்கும். பழத்தை அழுத்திப் பிடித்தாலே விரல் பட்ட இடம் சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும், அவ்வளவு மென்மை. ஸ்பெயினில் கலாண்டா பீச்சுக்கும் இதே மாதிரி உறை போடுகிறார்கள், அது மஞ்சள் வகை.

இப்படிப்பட்ட பழத்தை ஓவனில் போட்டு முக்கால் மணி நேரம் வேகவைப்பது எனக்குச் சம்மதமில்லை. புளிப்பு குறைவாக இருப்பதால் சூடு பட்டதும் வெறும் இனிப்பு மட்டும் நிற்கும், அந்த வாசனையும் பறந்துவிடும். பச்சையாகச் சாப்பிடுங்கள், அல்லது மசித்துக் குளிர்பானத்தில் கலந்துகொள்ளுங்கள். வெனிஸில் ஹாரிஸ் பாரை நடத்திய ஜுசெப்பே சிப்ரியானி பெல்லினி என்ற மதுபானத்தை வெள்ளைப் பீச் கூழில்தான் செய்தார். மது வேண்டாதவர்கள் அதே கூழைச் சோடாவில் கலந்து குடிக்கலாம். கூழில் உடனே சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுவிடுங்கள், இல்லையென்றால் கறுத்துப்போகும்.

தட்டைப் பீச்சும் பெரும்பாலும் வெள்ளைதான், புளிப்பு கம்மி. கொட்டை சின்னது, சதையும் மெல்லியது. அப்படியே கடித்துச் சாப்பிடத்தான் அது.

நொதிமேடை எழுதியது:

வெள்ளை என்றால் புளிப்பு கம்மி என்பது பழைய வகைகளுக்குப் பொருந்தும். இப்போது புளிப்பு குறைந்த மஞ்சள் வகைகளும், புளிப்பு தூக்கலான வெள்ளை வகைகளும் சந்தையில் இருக்கின்றன. அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டு எலுமிச்சையின் அளவை முடிவு செய்வது நல்லது.

பழுக்கும் பக்குவத்துக்கு வருகிறேன், பலரும் கோட்டைவிடும் இடம் அது. பீச்சின் கன்னத்தில் இருக்கும் சிவப்பு, பழுத்ததன் அடையாளமே அல்ல. அது வகையையும் வெயிலையும் பொறுத்தது. காம்புக் குழியைச் சுற்றிப் பாருங்கள். அங்கே பச்சை சாயல் இருந்தால் சீக்கிரம் பறித்துவிட்டார்கள் என்று அர்த்தம். மஞ்சள் வகையில் அந்த இடம் நல்ல மஞ்சளாகவும், வெள்ளை வகையில் பாலேடு நிறமாகவும் மாறியிருக்க வேண்டும். அப்புறம் முகர்ந்து பாருங்கள். வாசனையே இல்லாத பழம் வீட்டுக்கு வந்த பிறகு மென்மையாகும், மணமும் ஓரளவு வரும், ஆனால் இனிப்பு ஏறாது. பீச்சில் சர்க்கரையாக மாற மாவுச்சத்து சேமிப்பு எதுவும் இல்லை. மரத்தில் ஏறிய இனிப்புதான் கடைசிவரைக்கும்.

இன்னொன்று, காயாக இருக்கும் பீச்சை ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். சுமார் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்வரை உள்ள குளிர்தான் பீச்சுக்கு மோசமான எதிரி. வீட்டு ஃப்ரிட்ஜ் இருப்பது சரியாக அந்த வெப்பநிலையில்! பெக்டின் உடையும் வேலை தாறுமாறாகிச் சாறு செல்சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கடித்தால் பஞ்சை மென்ற மாதிரி இருக்கும், சதையும் கொட்டையைச் சுற்றிப் பழுப்பாகும். வெளியே, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். அவசரமென்றால் காகிதப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு போட்டு வைக்கலாம். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பீச்சையும் தூண்டிவிடும். முழுதாகப் பழுத்த பிறகு இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் பாதகமில்லை.

அடுப்பங்கரை எழுதியது:

ஆக, பை ஓடுவதற்கு மூன்று காரணம்: உருகும் சதை, அளவுக்கு மீறிப் பழுத்தது, புளிப்புக் குறைவு. சரிதானா?

வெண்ணெய்க்கரண்டி எழுதியது:

புளிப்பு ருசிக்குத்தான் தோழி, ஓடுவதோடு அதற்குச் சம்பந்தம் குறைவு. பீச்சில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தண்ணீரை பைக்குள் போகுமுன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.

நான் செய்வது இப்படி. ஒரு கிலோ மஞ்சள் பீச்சை விரல் தடிமனுக்கு நறுக்கி, 150 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு எலுமிச்சையின் சாறு போட்டுப் பிசிறி ஒரு மணி நேரம் விடுவேன். அடியில் நிறைய சாறு இறங்கியிருக்கும். பழத்தை வடிதட்டில் கொட்டி, சாற்றை மட்டும் அகலமான வாணலியில் ஊற்றி மிதமான தீயில் சுண்டவிட வேண்டும். முதலில் சின்னச் சின்ன நுரையாகச் சலசலக்கும். பிறகு குமிழிகள் பெரிதாகி, மெதுவாக உடைய ஆரம்பிக்கும். கரண்டியால் கிளறினால் அடி ஒரு கணம் தெரிந்து மூடிக்கொள்ளும். அங்கே நிறுத்திவிட்டு ஆறவையுங்கள். ஆறிய பாகு, பழம், 30 கிராம் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) மூன்றையும் கலந்து பையில் நிரப்புங்கள். தண்ணீர் போய்விட்டது, ருசி போகவில்லை. உருகும் சதை வகையாக இருந்தாலும் இந்த வழியில் துண்டு நிற்கும்.

அப்புறம் ஒரு விஷயம். மேலே பொன்னிறமானதும் வெளியே எடுத்துவிடாதீர்கள். மேல் மாவின் நடுவில் விட்ட கீறல் வழியாகப் பாகு கெட்டியாகக் கொப்பளிக்க வேண்டும், ஓரத்தில் கொப்பளித்தால் போதாது. சோள மாவு அந்தச் சூட்டுக்கு வந்தால்தான் கெட்டிப்படும். மேல்புறம் கறுக்கிறதென்றால் ஃபாயில் போட்டு மூடிக்கொள்ளலாம். வெந்த பையை நாலு மணி நேரமாவது ஆறவிடாமல் வெட்டுபவர்களுக்கு எந்த வகைப் பீச்சும் உதவாது.

டின் பீச்சைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தலைகீழாகக் கவிழ்க்கும் கேக்குக்கும், பாதிப் பழத்தை வரிசையாக அடுக்கும் டார்ட்டுக்கும் அந்த இறுகிய சதை அருமையாக நிற்கும். பாகை நன்றாக வடித்துத் துணியில் ஒற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

புதுவரவு எழுதியது:

தோல் உரிக்க வேண்டுமா, வேண்டாமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

வெண்ணெய்க்கரண்டி எழுதியது:

பைக்கும் ஐஸ்கிரீமுக்கும் உரிப்பேன். வெந்த தோல் சுருண்டு பல்லில் மாட்டும். பழத்தின் அடியில் கத்தியால் சின்னதாகப் பெருக்கல் குறி கீறி, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை போட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் எடுத்துப் போட்டால் கீறிய முனையிலிருந்து தோல் கழன்று வரும். காயாக இருந்தால் வராது, அப்போது காய் சீவும் கத்திதான்.

வெள்ளைப்பிரியை எழுதியது:

பாகில் வேகவைக்கும்போது மட்டும் முன்னாலேயே உரிக்காதீர்கள். சிவப்பு முழுக்கத் தோலில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் சர்க்கரை, ஒரு வெனிலா நெற்று, எலுமிச்சைத் தோல் இரண்டு கீற்று போட்டுச் சூடாக்கி, பாதியாக வெட்டிய பழத்தைத் தோலோடு இறக்குங்கள். கொதிக்கக் கூடாது, மேற்பரப்பு லேசாக நடுங்கினால் போதும். பாத்திரத்தின் அளவுக்கு வட்டமாக வெட்டிய பட்டர் பேப்பரைப் பழத்தின்மேல் படிய வைத்தால் மேல்பக்கம் கறுக்காது. பத்து நிமிடத்தில் கத்தி முனை தடையில்லாமல் இறங்கும். ஆறிய பிறகு தோலை இழுத்தால் ஒரே வீச்சில் வரும், அடியில் சதை ரோஜா நிறத்தில் இருக்கும். பாகும் அதே நிறம்.

பீச் மெல்பாவுக்கும் அடிப்படை இதுதான். 1890களின் தொடக்கத்தில் லண்டன் சவாய் ஹோட்டலில் ஒகுஸ்த் எஸ்கோஃபியே பாடகி நெல்லி மெல்பாவுக்காகச் செய்தது. அவர் பாடிய ஓபராவில் அன்னம் வரும் என்பதால் பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தின் நடுவே, வெனிலா ஐஸ்கிரீம் மேல் பீச்சை வைத்துக் கொடுத்தார். ராஸ்பெரிக் கூழ் பின்னால் கார்ல்டன் ஹோட்டலுக்குப் போன பிறகு சேர்ந்தது. அந்தக் கூழின் புளிப்பு இல்லையென்றால் இந்த இனிப்பு திகட்டிவிடும்.

கரிகனல் எழுதியது:

எல்லாரும் இனிப்பாகவே போகிறீர்கள். கொஞ்சம் உப்புக் காரத்துக்கு வாருங்கள்.

கழலும் வகை, முக்கால் பழுத்தது, பாதியாக வெட்டியது. வெட்டிய பக்கத்தில் மட்டும் எண்ணெய் தடவி நன்றாகச் சூடேறிய கிரில்லில் கவிழ்த்து வையுங்கள். மூன்று நான்கு நிமிடம் தொடவே தொடாதீர்கள். முன்னாலேயே கிளப்பினால் கோடும் வராது, சதையும் பிய்ந்துவிடும். திருப்பி ஒரு நிமிடம் போதும். மேலே உப்பு, நிறைய மிளகு, புதிய சீஸ், துளசி வகையான பேசில் இலை. சுட்ட கோழிக்கோ பன்றி இறைச்சிக்கோ பக்கத்தில் வைத்தால் வேறு சாஸே வேண்டாம்.

சட்னிக்கு முக்கால் காயாக இருப்பதே நல்லது. ஒரு கிலோ பீச், ஒரு பெரிய வெங்காயம், 300 கிராம் சர்க்கரை, 250 மில்லி வினிகர், இஞ்சி, வற்றல் மிளகாய், கடுகு, உலர்திராட்சை. மெதுவான தீயில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழம் அரைகுறையாகக் கரைந்து, துண்டும் குழம்பும் கலந்து நிற்க வேண்டும்.

அடுப்பங்கரை எழுதியது:

ஜாமுக்கு வெள்ளை சரிப்படுமா? வெள்ளைதான் கையில் நிறைய இருக்கிறது. பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்க நினைக்கிறேன்.

நொதிமேடை எழுதியது:

வேண்டாம் தோழி, இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். கொதிநீரில் பாட்டிலை மூழ்கடித்து மூடும் முறை, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருக்கும் உணவுக்குத்தான் பாதுகாப்பு. அதற்கு மேலே போனால் பாட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரி காற்றில்லாத பாட்டிலுக்குள் வளரலாம். நிறத்தையோ வாசனையையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மஞ்சள் பீச் பொதுவாக அந்த எல்லைக்குள் இருக்கும். சில வெள்ளை வகைகள் எல்லையைத் தாண்டுகின்றன. வீட்டுப் பதப்படுத்தலுக்கான அமெரிக்கத் தேசிய மையம் வெள்ளைப் பீச்சைப் பாட்டிலில் அடைக்க வேண்டாம், உறையவைத்துச் சேமியுங்கள் என்றே சொல்கிறது. கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்கும் ஜாம் என்றால் வெள்ளையிலும் செய்யலாம்.

மஞ்சளில் செய்தால் ஒரு கிலோவுக்கு 600 கிராம் சர்க்கரை, இரண்டு எலுமிச்சை. பீச்சில் பெக்டின் குறைவு, அதனால் ஒரு பச்சை ஆப்பிளைத் துருவிப் போட்டால் நன்றாக இறுகும். 104, 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிடலாம்.

கொட்டைக்குள் இருக்கும் பருப்பையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதாம் வாசனைக்காக ஜாமில் போடும் பழைய வழக்கம் உண்டு. அதில் இருக்கும் அமிக்டலின் உடலில் சயனைடாக மாறும். குழந்தைகள் கொட்டையை உடைத்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதாம் மணம் வேண்டுமென்றால் எசென்ஸ் இரண்டு சொட்டு போதும்.

கரிகனல் எழுதியது:

பச்சைப் பீச் சாப்பிட்டால் என் வாய் அரிக்கிறது, வெந்தால் ஒன்றும் ஆவதில்லை. வேறு யாருக்காவது?

நொதிமேடை எழுதியது:

மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அப்படி வரும். அதற்குக் காரணமான புரதம் சூட்டில் சிதைந்துவிடுகிறது. ஆனால் பீச் தோலில் அதிகமாக இருக்கும் இன்னொரு புரதம் சூட்டுக்கு அசையாது, அது தீவிரமான ஒவ்வாமையைக்கூடத் தரும். உங்களுக்கு எது என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை பச்சையாகச் சாப்பிடாதீர்கள்.

அடுப்பங்கரை எழுதியது:

சரி, வெள்ளையை உறையவைத்துவிடுகிறேன். எப்படி உறையவைத்தால் கறுக்காது?

பழமரத்தான் எழுதியது:

உரித்து, நறுக்கியதும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டு எடுங்கள். வைட்டமின் சி பொடி கிடைத்தால் இன்னும் நல்லது. ஈரம் ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லாக இறுகியதும் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். பானத்துக்கு அப்படியே அடிக்கலாம். காப்ளருக்கு எடுக்கும்போது வடிதட்டில் வைத்து உருகவிட்டு, இறங்கும் சாற்றை வெண்ணெய்க்கரண்டி சொன்னபடி சுண்டவைத்துச் சேருங்கள். வெள்ளை என்பதால் எலுமிச்சையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.